கலாமணியின் அறுநூறு வாக்கியங்கள்

ஏப்ரல் 2, புதன்

மில்லில் இருந்தபோது ஷிஃப்டுக்கு இரண்டு முறை ஸ்பின்னிங் ஹாலின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிவேட்டில் எழுதுவேன். இருபத்தாறு வருடப் பழக்கம். ரிட்டையர் ஆகி ஒன்றரை வருடமாக எழுத எதுவும் இல்லாமல் இருந்தது. இன்றிலிருந்து இந்த டைரியில் வேறொரு கணக்கு எழுதப் போகிறேன்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பொங்கலிலிருந்து என் மனைவி கலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சி, மோர், அவ்வளவுதான். குரல்வளைக்குப் பின்னால், உணவுக்குழாய் தொடங்குகிற இடத்தில் கட்டி. 24ஆம் தேதி ஆபரேஷன். இதை டாக்டரம்மா முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார். இந்தக் காலத்தில் எல்லோருமே வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். நான் தலையை ஆட்டினேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகு கலாமணிதான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். கீரைக்கூடையோடு நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"கட்டியோட சேத்து குரல்வளையையும் எடுத்துருவாங்களாமுங்க. அப்பறம் பேச முடியாதாம்."

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற ஜெஸிந்தா என்ற பெண் ஒரு வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் அறுநூறு வாக்கியங்களை கலாமணி படித்துப் பதிந்து வைத்தால், அதை வைத்து அவள் குரலைச் செய்யலாமாம். பிறகு இவள் தட்டச்சு செய்ய, கம்ப்யூட்டர் இவள் குரலில் பேசும். மைக்கும் வாக்கியப் பட்டியலும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டார்கள். போனில் பதியக் கூடாதா என்று கேட்டேன். அந்த ப்ரோக்ராம் கம்ப்யூட்டரில்தான் ஓடுமாம்.

மகள் வினோதினி காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கிப் படுக்கையறையில் வைத்தேன். சாயங்காலம் பதினோரு வாக்கியம் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் திரையில் சிவப்பு விளக்கு. சத்தம் அதிகம் என்று அர்த்தமாம். பச்சை வந்தால்தான் செல்லும்.

ஒன்றுகூடப் பச்சை வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வினோதினி ஓசூரிலிருந்து நெட் வழியாகவே இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்த்தாள். அவளுக்கு லீவு 22ஆம் தேதியிலிருந்துதான்.

"ஃபேன் சத்தம் பயங்கரமா இருக்குதுங்கப்பா. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேக்குது கேக்குது" என்று சொல்லிவிட்டு சீலிங் ஃபேனை நிறுத்தினேன்.

"அதில்லீங்கப்பா. பெட்டிக்குள்ள ஓடற ஃபேன்."

பெட்டியருகே காதை வைத்துப் பார்த்தேன். நல்ல மெஷின், அமைதியாகத்தான் ஓடுகிறது. நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் முப்பது ஒரே ஹாலில் ஓடினால், அது சத்தம். இந்தப் பிள்ளைகளுக்குச் சத்தம் என்றால் என்னவென்றே தெரியாது.

சூடு காட்டுகிற ஒரு ப்ரோக்ராமைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 88 டிகிரி. "ப்ராசஸர் சூடானா ஃபேன் வேகமாச் சுத்தும். வேகமாச் சுத்துனா சத்தம். நீங்க சூட்டைக் குறைங்கப்பா, சத்தம் தானாக் குறையும்" என்றாள்.

இது எனக்குப் புரிகிறது. எண்ணைப் பார்த்து வேலை செய்து பழகியவன் நான். இனி சூட்டையும் இந்த டைரியில் எழுதுவேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஃபேன் இறக்கைகளிலும், அதன் கீழே சூட்டை வாங்கும் அலுமினியத் தகடுகளிலும் தூசி மெத்தை போல ஒட்டியிருந்தது. மில்லில் பஞ்சுத் துகளைச் சுத்தம் செய்யாமல் விட்டால் பேரிங் எப்படிச் சூடேறுமோ அப்படித்தான். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தகடு தகடாக எடுத்தேன். கலாமணி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடி ஓட்டினேன். 76 டிகிரி.

பச்சை 3, சிவப்பு 17.

ஏப்ரல் 5, சனி

சிங்காநல்லூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற நசீர் பாய் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ப்ராசஸருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே ஒரு பேஸ்ட் இருக்கும், அது காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது என்று காட்டினார். துடைத்துவிட்டு ஒரு மொச்சைக்கொட்டை அளவு புதிது வைத்தார்.

"ரொம்ப வெச்சாலும் தப்பு, கம்மியா வெச்சாலும் தப்புங்ணா" என்றார். "எதுக்கு இவ்வளவு அவசரம்? பையன் கேம் ஆடறானா?"

"வீட்டுல ரெக்கார்டிங்" என்றேன்.

வீட்டில் 64 டிகிரி. மூன்று நாளில் 24 டிகிரி குறைத்திருக்கிறேன். கலாமணிக்கு இன்று கஞ்சியும் அரை டம்ளர்தான் இறங்கியது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சும்மா இருந்தால் 64. பதிய ஆரம்பித்ததும் 80. ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்தினால் அறையே அடுப்பாகிறது. அந்தக் காற்றைத்தானே பெட்டியும் இழுக்கிறது.

இருபது நிமிடம் பதிவு, அரை மணி ஓய்வு. ஓய்வு இரண்டு பேருக்கும், அதாவது கலாமணிக்கும் கம்ப்யூட்டருக்கும். அவள் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாக்கியங்களைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு.

"'அமைச்சர் இன்று பாலத்தைத் திறந்து வைத்தார்.' ஏனுங்க, எனக்கு ஆபரேசன் ஆனதுக்கப்பறம் நான் யாருகிட்டப் போயி இதச் சொல்லப் போறேன்?"

"அதுல இருக்கற எழுத்துச் சத்தமெல்லாம் வேணுமாம்."

"'கொத்தமல்லி'ன்னு போட்டாலும் எழுத்து வரத்தான செய்யும்."

நியாயமாகத்தான் பட்டது. பச்சை 12, சிவப்பு 31.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

சத்தத்துக்குக் காரணம் ஃபேன் வேகம் என்றால், ஃபேன் வேகத்தையே குறைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது வருகிற நீலத் திரையில் அதற்கு இடம் இருக்கிறது. நசீர் பாய் கடையில் பார்த்து வைத்திருந்தேன். வினோதினியைக் கேட்காமல் ஃபேனை இருப்பதிலேயே குறைந்த வேகத்துக்கு இறக்கினேன்.

பச்சை. அடுத்ததும் பச்சை. வரிசையாகப் பச்சை. கலாமணிக்கும் உற்சாகம். ஓய்வே வேண்டாம் என்று படித்துக்கொண்டே போனாள். ஐம்பது முடிந்தாலோ நாமாக நிறுத்தினாலோதான் ப்ரோக்ராம் மொத்தமாகச் சேமித்து வைக்கும். முப்பது தாண்டியபோது 91 டிகிரி. நாற்பதில் 96. இன்னும் பத்துதானே, தாங்கிவிடும் என்று நினைத்தேன். மில்லில் எந்த மெஷினையும் அப்படி ஓட்ட விட்டதில்லை. இதில் மட்டும் ஏன் விட்டேன் என்று தெரியவில்லை.

நாற்பத்து மூன்றாவது வாக்கியத்தின் நடுவில் திரை கறுத்துப் பெட்டி நின்றுவிட்டது. சூடு எல்லை தாண்டினால் தானாக நின்றுவிடுமாம். மறுபடி ஆன் செய்தபோது நாற்பத்திரண்டும் இல்லை.

கலாமணி கொஞ்ச நேரம் கறுப்புத் திரையையே பார்த்தாள். கையிலிருந்த பட்டியலைக் கட்டில்மேல் வைத்தாள்.

"எனக்குத் தொண்டைல இருக்கறதே இன்னும் பதினஞ்சு நாளைக்கு. அதையும் இந்தப் பெட்டி தின்னுருச்சு" என்றாள். எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

பெட்டி தின்னவில்லை, நான்தான் தின்னக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஃபேன் வேகத்தைப் பழையபடி வைத்தேன். வினோதினி திட்டினாள். திட்டிவிட்டு நல்ல யோசனை ஒன்று சொன்னாள். ப்ராசஸரின் உச்ச வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாமாம். நூற்றுக்கு எழுபது என்று வைத்தாள். குரல் பதிய அது போதுமாம். 80 இருந்த இடத்தில் 69.

கலாமணி இன்று படிக்க வரவில்லை. கேட்டதற்கு "நாளைக்கு" என்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

சுவரைத் துளைத்தேன்.

69 டிகிரியிலும் ஃபேன் ஓடத்தானே செய்கிறது. பெட்டி இந்த அறையில் இருந்தால்தானே சத்தம்? டிரில்லரை எடுத்துப் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை போட்டேன். திரை, கீபோர்டு, மைக் எல்லாவற்றுக்கும் நீள வயர் வாங்கி அதன் வழியே விட்டேன். பெட்டி ஹாலில் டி.வி. பக்கம் காற்றாட நிற்கிறது. ஓட்டையின் மீதி இடத்தில் துணி வைத்து அடைத்தேன்.

சத்தம் கேட்டு வந்த கலாமணி, கதவருகே நின்று சுவரையும் என் தலையில் படிந்த சிமெண்ட் தூளையும் பார்த்தாள். விளக்குமாறை எடுத்துக் கூட்டினாள். பிறகு மைக் முன்னால் வந்து உட்கார்ந்து பட்டியலைக் கையில் எடுத்தாள்.

பச்சை 50. சேமித்தாகிவிட்டது. 66 டிகிரி.

ஏப்ரல் 11, வெள்ளி

பச்சை 90. 65 டிகிரி. நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சூட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் என்னைப் பார்த்துப் படிக்கிறாள்.

ஏப்ரல் 12, சனி

பச்சை 85.

ஏப்ரல் 13, ஞாயிறு

பச்சை 100. முன்பு வந்த 15ஐயும் சேர்த்து மொத்தம் 340. வினோதினி எல்லாவற்றையும் ஜெஸிந்தாவுக்கு அனுப்பினாள். இந்த வேகத்தில் போனால் பதினாறாம் தேதியே முடிந்துவிடும். நாளை வருடப்பிறப்பு, சித்திரைக் கனி. கலாமணி சாமி படத்துக்கு முன்னால் தட்டில் பழங்களை அடுக்கினாள். அவளால் சாப்பிட முடியாத பழங்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். கலாமணிக்கு ரத்தப் பரிசோதனை. அவளை அங்கே விட்டுவிட்டு ஜெஸிந்தாவைப் பார்க்கப் போனேன். போனில் வினோதினியும் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

ஜெஸிந்தா நிதானமான பெண். சத்தமாகவும் தெளிவாகவும் பேசுவாள், அவளிடம் மட்டும்தான் நான் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. பதிவு சுத்தமாக இருக்கிறது, பின்னணியில் சத்தமே இல்லை என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு கேட்டாள்:

"சார், அம்மா வீட்ல எப்பவுமே இப்படித்தான் பேசுவாங்களா?"

"எப்படிம்மா?"

"கத்தி. அடிவயித்துல இருந்து பேசறாங்க. எல்லா வாக்கியமும் யாரையோ தூரத்துல இருந்து கூப்பிடற மாதிரி இருக்கு. இதை வெச்சுக் குரல் செஞ்சா, தண்ணி கேட்டாக்கூடக் கத்தித்தான் கேக்கும்."

"அவ பேச்சே அப்படித்தான்மா" என்றேன்.

போனில் வினோதினி குறுக்கிட்டாள். என் காதில் விழ வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அது உங்ககிட்டப் பேசற குரலுங்கப்பா. எங்ககிட்டயெல்லாம் அம்மா அப்படிப் பேசாது."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரர் ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தன வருசமா?" என்று கேட்டேன்.

"நான் எட்டாவது படிக்கறப்போ இருந்துங்கப்பா."

பதினாறு, பதினேழு வருடம்.

பிறகு தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஒரு சந்தேகம் கேட்டேன். அவர் இல்லை என்றார். மறுபடி கேட்டேன், மறுபடியும் இல்லை என்றார். எனக்குச் சரியாக விழுந்ததா என்று நம்பிக்கை இல்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு எழுதிக் கொடுத்தார். சீட்டை இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

காந்திபுரம் போய்க் காது மெஷின் வாங்கினேன்.

ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் பாதி நேரம் பட்டனை வெறுமனே பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். மில்லில் வருடத்துக்கு ஒரு முறை இப்படிப் பரிசோதனை நடக்கும். அங்கே பக்கத்தில் நிற்பவன் அழுத்தும்போது நானும் அழுத்திவிடுவேன். இங்கே பக்கத்தில் யாரும் இல்லை. தாளில் கோடு சரிவாக இறங்குவதைக் காட்டினார்கள்.

மெஷினை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செருப்புத் தரையில் உரசுவது கேட்டது. ஹாலில் ஏதோ ஒன்று விடாமல் இரைந்துகொண்டிருந்தது. குழாயைத் திறந்து வைத்துவிட்டாளா என்று அடுப்படிக்குப் போனேன். இல்லை. ஃப்ரிட்ஜா என்று பார்த்தேன். இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியருகே குனிந்தேன். அதுதான். 65 டிகிரியிலேயே இந்த இரைச்சல் என்றால், 88 டிகிரியில் எப்படி இருந்திருக்கும்.

கலாமணி குளித்துவிட்டு வந்தாள். என் காதைப் பார்த்தாள். அவள் பல தடவை கேட்டு நான் மாட்டேன் என்று சொன்ன விஷயம் இது.

ஏப்ரல் 17, வியாழன்

மறுபடியும் பதிய ஆரம்பித்தோம். மீதி 260 வாக்கியம் மெதுவான குரலில் கிடைத்தால் போதும், குரலின் தணிவை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெஸிந்தா சொல்லியிருக்கிறாள். பட்டியலில் இருப்பதுதான் வேண்டும் என்றில்லை, அவளே சொந்தமாகப் பேசினாலும் சரியாம்.

மைக் முன்னால் உட்கார்ந்தாள். பழக்கத்தில் உரக்கவே தொடங்கினாள்.

"மெதுவாப் பேசு. எனக்குக் கேக்குது" என்றேன்.

"இது போதுங்களா?"

"இன்னும் மெதுவா."

"இது?"

"இன்னும் கொஞ்சம்."

அவள் மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "இதுக்கும் மெதுவாப் பேசுனா எனக்கே கேக்காதுங்க."

அந்தக் குரல் எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருடம் ஒன்றாக இருந்திருக்கிறோம். கல்யாணமான புதிதில் கேட்டிருப்பேன், ஞாபகம் இல்லை. சொல்லின் கடைசியில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. உரக்கப் பேசும்போது அது வராது.

"இத்தன வருசமாச் சொல்லியும் கேக்காத மனுசன். இப்ப எதுக்காமா இந்த மெசினு?"

"ரெக்கார்டிங் நல்லா வரோணுமில்ல."

"அதுக்கு மட்டுந்தானா?"

நான் திரையைப் பார்த்தேன். 63 டிகிரி. பச்சை 30.

ஏப்ரல் 18, வெள்ளி

பட்டியலை விட்டுவிட்டாள். அவளாகவே பேசுகிறாள். வினோதினி வயிற்றில் இருந்தபோது அவிநாசித் தேருக்குப் போய்ச் செருப்பைத் தொலைத்தது. பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவின் மருமகள் தோசைக்கல்லைக் கடன் வாங்கித் திருப்பியே கொடுக்காதது. என்னைப் பெண் பார்க்க வந்தவன் என்று நினைக்காமல் மீட்டர் பார்க்க வந்தவன் என்று நினைத்து மீட்டர் பெட்டியைக் காட்டியது. இந்தக் கதையை ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாளாம். அன்று ஏன் காட்டினாள் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதையெல்லாம் கத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

பச்சை 70.

ஏப்ரல் 20, ஞாயிறு

பேனா தேடி இந்த டைரியை எடுத்திருக்கிறாள். நான் பால் வாங்கிவிட்டு வந்தபோது டாக்டரம்மாவின் சீட்டு அவள் கையில் இருந்தது. அதில் இருப்பது ஒரே வரி: 'உரக்கப் பேசியதால் இந்த நோய் வரவில்லை.'

"இதப் போயி டாக்டருகிட்டக் கேட்டீங்களாக்கும்" என்றாள்.

நான் பாலை அடுப்பில் வைத்தேன்.

"உங்களுக்காகக் கத்துனேன்னு நெனச்சுக்காதீங்க. சின்னதுல இருந்தே எனக்கு வாய் பெருசு. எங்கம்மா இருந்தாச் சொல்லியிருக்கும்."

பொய் சொல்கிறாள். மெதுவான குரலில் சொன்னதால் பொய் என்று நன்றாகவே தெரிந்தது. நான் சரி என்றேன். சீட்டை நாலாக மடித்து டைரிக்குள் திரும்ப வைத்தாள். டைரியைப் படித்தாளா என்று நான் கேட்கவில்லை.

பால் பொங்கிவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

வினோதினி வந்துவிட்டாள். மெதுவான குரலில் 260 முடிந்தது. முதலில் பதிந்ததையும் சேர்த்தால் சரியாக அறுநூறு. ஜெஸிந்தா இனிமேல் போதும், தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்றாள்.

சாயங்காலம் நான் 61 டிகிரி என்று குறித்துக்கொண்டிருந்தேன். கலாமணி கட்டிலிலிருந்து சொன்னாள்:

"அத நிறுத்திப்போட்டு வாங்க. சித்த நேரம் சும்மா பேசிட்டிருக்கலாம்."

நிறுத்தினேன். வினோதினி கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போனாள். கடையில் வாங்க ஒன்றும் இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

ஒரு மணி நேரம் பேசினாள். தோசைக்கல்லைத் திருப்பி வாங்க வேண்டும், வினோதினிக்கு வரன் விஷயத்தில் அவசரப்படுத்தக் கூடாது, ஆபரேஷன் தேதியில் என் பிரஷர் மாத்திரையை மறக்கக் கூடாது. இன்னும் சில சொன்னாள். அவற்றை எழுதப் போவதில்லை. எல்லாமே எனக்கு ஒரே தடவையில் கேட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

காலை எட்டு மணிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். மாலை ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்தாள். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். முகக்கவசத்தோடுதான் சொன்னார்கள். கேட்டது.

ஏப்ரல் 26, சனி

கழுத்தில் வைத்த ஓட்டை வழியாக மூச்சு விடுகிறாள். என்னைப் பார்த்து வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. நான் பழக்கத்தில் காது மெஷினின் வால்யூமைக் கூட்டினேன். கூட்டிவிட்டு அப்படியே நின்றேன்.

மே 14, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்து ஓட்டையைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன். மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனை தெரிவதில்லையாம். சாம்பார் அடிப்பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை. சமைத்தவன் நான்தான், எனக்கும் தெரியவில்லை.

ஒரு நோட்டில் எழுதிக் காட்டிப் பேசுகிறாள்.

ஜூன் 3, செவ்வாய்

ஜெஸிந்தா வீட்டுக்கே வந்து குரலைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். 'வணக்கம், நான் கலாமணி பேசுகிறேன்' என்று தட்டினாள். ஸ்பீக்கரிலிருந்து கலாமணி வந்தாள். அந்த மெதுவான குரல். சில சொற்களைக் கொஞ்சம் இழுத்தது. ஆனால் அவள்தான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கலாமணி எழுந்து வந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். நோட்டை எடுத்து எழுதினாள்: 'செத்துப்போன கலாமணி பேசற மாதிரி இருக்குது. வேண்டாம்.'

ஜெஸிந்தா வற்புறுத்தவில்லை. போகும்போது, "நேரம் கொடுங்க சார்" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

கதிர்வீச்சு ஆரம்பம். வாரத்துக்கு ஐந்து நாள். போய் வருவதற்குள் களைத்துவிடுகிறாள்.

கம்ப்யூட்டரைத் தினமும் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிறேன். 57 டிகிரி.

ஜூன் 28, சனி

தூசி தட்டினேன். 56 டிகிரி. யாரும் அதைத் தொடுவதில்லை.

ஜூலை 19, சனி

நேற்றோடு கதிர்வீச்சு முடிந்தது. இன்று மோர் சாதத்தை மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன். ஒரு கிண்ணம் முழுவதும் இறங்கியது.

ஜூலை 26, சனி

கலாமணி குளிக்கப் போயிருந்தாள். ஃபேன் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். சும்மா ஓட்டிப் பார்த்தால் சூடு ஏறாது, அதற்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். அதனால் ஸ்பீக்கர் வயரை மறுபடி சொருகி, அவள் பதிந்து வைத்ததில் ஒன்றை ஓட விட்டேன். மீட்டர் பெட்டி கதை. வால்யூமைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன்.

குளியலறைக் கதவு எப்போது திறந்தது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஈரத்தலையோடு கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் நிறுத்தப் போனேன். கையைக் காட்டி வேண்டாம் என்றாள். கதை முடியும் வரைக்கும் இரண்டு பேரும் கேட்டோம்.

தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சூட்டைப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் உழவர் சந்தைக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் கலாமணி என்று வந்தது. பேச முடியாதவள் போன் செய்தால் என்னவென்று நினைப்பது? விழுந்துவிட்டாளா, மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டதா? எடுத்து, "என்னாச்சு, என்னாச்சு" என்று கத்தினேன். தக்காளிக்காரர் தராசைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

தூரத்தில் தட்தட்டென்று ஒரு சத்தம் மட்டும். பிறகு குரல் வந்தது.

"ஏனுங்க. ரசத்துக்குப் புளி இல்லை. வாங்கிட்டு வாங்க."

போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. சந்தையில் அத்தனை பேர் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். மறுபடி தட்தட்டென்று சத்தம்.

"கேக்குதுங்களா?"

"கேக்குது" என்றேன். "கேக்குது, சொல்லு."

இந்தத் தடவை தட்டும் சத்தம் நீளமாகக் கேட்டது. நான் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். யாரோ இடித்துக்கொண்டு போனார்கள்.

"கத்தாதீங்க. எல்லாரும் பாப்பாங்க. மழை வர்ற மாதிரி இருக்குது. சீக்கிரம் வாங்க."

தக்காளி எவ்வளவு வாங்கினேன், மீதி என்ன வாங்கினேன் என்றெல்லாம் நினைவில்லை. வண்டியை எடுத்து நேராக வீட்டுக்கு வந்தேன். கலாமணி பையை வாங்கி அடுப்படி மேடையில் கொட்டினாள். தக்காளி, கத்தரிக்காய், மறுபடியும் தக்காளி. பையை உதறிப் பார்த்தாள். புளி இல்லை.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். தட்டத் தொடங்கினாள். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ரொம்ப நேரம் தட்டினாள். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.